உங்களுக்குத் தெரியுமா? பிரெஞ்சு படிப்பவர்களுக்குப் பிரான்சில் ஒரு கோடைப் பயிற்சி

● பிரான்சில் 'பயிற்சியாளர்' என்ற பெயர் கல்லூரிக்குப் போன பிறகு வருவதல்ல. பதினான்கு வயதிலேயே வந்துவிடுகிறது. நம் ஒன்பதாம் வகுப்புக்கு இணையான வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஏதாவது ஒரு பணியிடத்தில் ஒரு வாரம் இருந்து, அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு வரவேண்டும். ரொட்டிக்கடையாக இருக்கலாம், வழக்கறிஞர் அலுவலகமாக இருக்கலாம், கால்நடை மருத்துவமனையாகவும் இருக்கலாம். 2005 முதல் இது கட்டாயம். 2024 முதல் அடுத்த வகுப்பினருக்கும் ஜூன் மாதத்தில் இரண்டு வாரம் சேர்ந்துவிட்டது. பயிற்சிக்கு அங்கே 'ஸ்தாஜ்' என்று பெயர். பயிற்சிக்கு வருபவர் 'ஸ்தாஜியேர்'. ஆகவே பிரெஞ்சு படிக்கும் வெளிநாட்டு மாணவி ஒருத்தி ஜூன் மாதக் காலையில் ஒரு பாரிஸ் அலுவலகத்துக்குள் நுழைந்து, தான் புது ஸ்தாஜியேர் என்று சொன்னால் அது யாருக்கும் விநோதமாகப் படாது.

● "திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்" என்று வாய்ச்சொல்லாகச் சொல்லிச் சேர்த்துக்கொள்ளப் பிரெஞ்சுச் சட்டத்தில் இடமில்லை. மாணவர், அவர் படிக்கும் கல்வி நிறுவனம், பயிற்சி தரும் இடம் என்று மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று வேண்டும். 'கோன்வான்சியோன் து ஸ்தாஜ்' என்பது அதன் பெயர். என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், பணியிடத்தில் யார் வழிநடத்துவார், கல்லூரியில் யார் பொறுப்பு, விபத்து நேர்ந்தால் என்ன பாதுகாப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். விண்ணப்பிக்கும் மாணவரிடம் நிறுவனம் முதலில் கேட்பதே பெரும்பாலும் இந்தக் காகிதத்தைத்தான். உங்கள் திறமையைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான் வரும்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். ஏதாவது ஒரு படிப்பில் பெயர் பதிவாகி இருக்கும்வரைதான் ஸ்தாஜ் செய்ய முடியும். பட்டம் வாங்கி வெளியே வந்த பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கல்லூரி என்ற தரப்பே இல்லாமல் போய்விடும். 'படிப்பு முடியட்டும், பிறகு நிதானமாகப் போகலாம்' என்று நினைக்கும் மாணவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

● ஒரு சிறிய கணக்கு. பயிற்சி இரண்டு மாதத்தைத் தாண்டினால் உதவித்தொகை தரவேண்டியது நிறுவனத்தின் கடமை. சட்டத்தின் பார்வையில் இரண்டு மாதம் என்பது நாளுக்கு ஏழு மணி நேரம் வீதம் 44 நாள், அதாவது 308 மணி நேரம். அதைத் தாண்டிவிட்டால் முதல் நாளிலிருந்தே கணக்கிட்டுத் தரவேண்டும். 2025-இல் குறைந்தபட்ச விகிதம் மணிக்கு 4.35 யூரோவாக இருந்தது.

இப்போது கோடைப் பயிற்சிக்கு வருவோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கோடைத் திட்டங்கள் பலவும் ஆறு அல்லது எட்டு வாரம்தான். வாரத்துக்கு 35 மணி நேரம் என்றால் எட்டு வாரத்துக்கு 280 மணி நேரம். எல்லைக்கு 28 மணி நேரம் குறைகிறது. ஒன்பது வாரம் இருந்தால் 45 நாள். ஆனால் இடையில் ஜூலை 14, தேசிய விடுமுறை, வார நாளில் வந்துவிட்டால் வேலைக்குப் போன நாள் சரியாக 44. அப்போதும் எல்லை தாண்டவில்லை!

ஆகக் கோடையில் வரும் மாணவருக்குப் பெரும்பாலும் கையில் காசு வராது. விமானக் கட்டணம், பாரிஸ் வாடகை, பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் பணம் எல்லாம் சொந்தச் செலவு. வீட்டில் வசதி இருப்பவர்களுக்கே இந்த வாய்ப்பு எட்டுகிறது என்பது மனத்தை உறுத்துகிறது. மொழித்துறையில் மிக நன்றாகப் படிக்கும் மாணவருக்கு அந்த எட்டு வாரம் எட்டாக்கனியாக இருப்பது நியாயமில்லை. பயிற்சியைப் பாடத்திட்டத்தில் சேர்க்கும் பல்கலைக்கழகம் அதற்கான உதவித்தொகையையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

● காசு வராவிட்டாலும் சில உரிமைகள் உண்டு. ஊழியர்களுக்கு உணவுச் சீட்டு தரும் நிறுவனம் பயிற்சியாளருக்கும் தரவேண்டும். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கான ரயில், பேருந்து மாதப் பாஸில் ஊழியர்களுக்குத் திருப்பித் தரும் பங்கைப் பயிற்சியாளரும் கேட்டுப் பெறலாம். கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

● 2014 ஜூலை 10-ஆம் தேதிச் சட்டம் பயிற்சியாளரை எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்று பட்டியல் போடுகிறது. நிரந்தர ஊழியர் செய்யவேண்டிய வழக்கமான வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. விடுப்பில் போனவருக்குப் பதிலாக உட்கார வைக்கக் கூடாது. திடீரென்று வேலை குவிந்தால் அதைச் சமாளிக்க அழைக்கக் கூடாது. பருவகால வேலைக்கும் கூடாது. கடற்கரை ஐஸ்கிரீம் கடையில் ஜூலை முழுக்க நிற்பது வேலை. அதற்குச் சம்பளம் தந்தாக வேண்டும், ஸ்தாஜ் என்று பெயர் சூட்ட முடியாது. ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் மூன்று பயிற்சியாளருக்கு மேல் ஒப்படைக்கக் கூடாது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பயிற்சியாளர் எண்ணிக்கை 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சொல்லிக்கொடுக்க ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் அது பயிற்சி என்பதைச் சட்டமே புரிந்து வைத்திருக்கிறது.

● ஆகஸ்டில் பயிற்சி தேடாதீர்கள். காரணம் தெரிய 1936-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு லெயோன் ப்ளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்று சட்டம் கொண்டுவந்தது. அந்தக் கோடையில் கடலையே பார்த்திராத குடும்பங்கள் ரயிலேறிக் கடற்கரைக்குப் போயின. இரண்டு வாரம் படிப்படியாக வளர்ந்து 1982-இல் ஐந்து வாரமானது. அதில் பெரும்பகுதியைப் பலர் ஆகஸ்டில்தான் எடுக்கிறார்கள். சிறிய நிறுவனங்கள் கதவில் அறிவிப்பை ஒட்டிவிட்டு மூடிவிடும். மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளருக்கு அந்த மாதத்தில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைக்காது. எனவேதான் கோடைத் திட்டங்கள் பலவும் மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ ஆரம்பித்து ஜூலையோடு முடிந்துவிடுகின்றன.

விதிவிலக்கான ஊர்களும் உண்டு. ழான் வீலார் 1947-இல் தொடங்கிய நாடக விழாவால் அவிஞோன் நகரத்துக்கு ஜூலைதான் ஆண்டிலேயே பரபரப்பான மாதம். நாடகமும் இலக்கியமும் படிக்கும் மாணவர்கள் பாரிசை விட்டு அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

● பிரெஞ்சு படிக்கும் மாணவர்களைக் கூட்டமாகப் பிரான்சுக்கே அனுப்பும் வழக்கத்துக்கு வயது நூறு தாண்டிவிட்டது. முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்துவிட்டுத் திரும்பிய ரேமண்ட் கிர்க்பிரைட், அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு ஆசிரியரானார். 1923 ஜூலையில் எட்டு மாணவர்களை 'ரோஷாம்போ' என்ற கப்பலில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். நேரே பாரிசுக்குப் போகவில்லை. கோடை முழுக்க நான்சி நகரத்தில் தங்கி மொழியைப் பழகினார்கள், அதன் பிறகுதான் பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் வகுப்புகள். வேலைக்கோ உயர்படிப்புக்கோ போகுமுன் சிறிய ஊர் ஒன்றில் சில வாரம் காதைப் பழக்க வேண்டும் என்ற அவருடைய ஏற்பாடு இன்றைக்கும் பொருந்தும். தலைநகரத்தில் திக்கித் திணறிப் பேசினால் எதிரே இருப்பவர் சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். நான்சி போன்ற ஊரில் நின்று கேட்பார்கள்.

● அப்படிப் போன மாணவிகளில் ஒருவர் ஜாக்குலின் பூவியே, பின்னாளில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவியான ஜாக்குலின் கென்னடி. 1949-இல் ஸ்மித் கல்லூரிக் குழுவோடு போனார். முதலில் கிரெனோபிளில் தீவிர மொழிப் பயிற்சி. பிறகு பாரிசில், ஜெர்மன் வதைமுகாமிலிருந்து உயிர்தப்பித் திரும்பிய ஒரு பெண்மணியின் வீட்டில் தங்கிப் படித்தார். நாடு திரும்பியதும் 1951-இல் 'வோக்' இதழ் நடத்திய போட்டியில் வென்றார். பரிசு என்ன தெரியுமா? பாதி ஆண்டு பாரிசிலும் பாதி ஆண்டு நியூயார்க்கிலும் இதழாசிரியர் குழுவில் பயிற்சிப் பதவி. அந்தப் பதவியில் அவர் தொடரவில்லை. மொழி மட்டும் கூடவே இருந்தது. 1961-இல் கணவருடன் அரசுமுறைப் பயணமாகப் பாரிசுக்குப் போனபோது, பிரெஞ்சு அதிபர் தெ கோலிடம் அவர் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பிரெஞ்சிலேயே உரையாடினார்.

● கையெழுத்துப் போட்டு ஆங்கிலத்தைத் துறக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில் 1915-இல் ஜெர்மனோடு தொடங்கிய கோடை மொழிப்பள்ளிகளில் விரைவிலேயே பிரெஞ்சும் சேர்ந்தது. அங்கே சேரும் மாணவர், பாடம் முடியும்வரை படிக்கும் மொழியைத் தவிர வேறு மொழி பேசமாட்டேன் என்று உறுதிமொழி எழுதித் தரவேண்டும். வகுப்பில் மட்டுமல்ல, சாப்பாட்டு மேசையிலும் விடுதியிலும் அதே விதி. கனடாவில் கியூபெக்கின் த்ருவா பிஸ்தோல் என்ற ஆற்றங்கரைச் சிற்றூரில் 1932 முதல் ஒரு கோடை மொழிப்பள்ளி நடக்கிறது. மாணவர்கள் அங்கே ஊர்க்காரர்களின் வீடுகளில் தங்குகிறார்கள்.

பாரிஸ் அலுவலகத்தில் யாரும் உங்களிடம் உறுதிமொழி வாங்கமாட்டார்கள். தங்கள் ஆங்கிலத்தைத் தீட்டிக்கொள்ள உங்களைத் தேடி வரும் சக ஊழியர்களும் இருப்பார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டாலும் சிரித்த முகத்துடன் பிரெஞ்சிலேயே பதில் சொல்லிக்கொண்டிருங்கள். இரண்டாவது வாரத்தில் அவர்களே வழிக்கு வந்துவிடுவார்கள்.

● காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஒவ்வொருவருக்கும் 'போன்ஜூர்' சொல்ல வேண்டும். வாயிற்காப்பாளருக்கும், காபி இயந்திரத்தின் அருகில் நிற்கும் முகம் தெரியாதவருக்கும்கூட. சொல்லாமல் நேரே வேலை விஷயத்தைக் கேட்டால் அது மரியாதைக் குறைவு. ஒருவரை 'வூ' என்று அழைப்பதா 'து' என்று அழைப்பதா என்ற குழப்பம், நீங்கள், நீ என்று வளர்ந்த நமக்கு அவ்வளவாக வராது. வயதிலும் பதவியிலும் மூத்தவர் அவராகச் சொல்லும்வரை மரியாதைப் பன்மையிலேயே பேசுவது பாதுகாப்பு.

● வேலை செய்யும் மேசையிலேயே சாப்பிடுவதைப் பிரெஞ்சுத் தொழிலாளர் விதிகள் தடுக்கின்றன. பணி நடக்கும் அறையில் ஊழியர்களை உண்ணவிடக் கூடாது என்பது நெடுநாளைய விதி. கொரோனா காலத்தில், 2021-இல், கூட்டத்தைத் தவிர்ப்பதற்காக அதைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டியிருந்தது.

மொழி கற்பவருக்கு இதைவிட நல்ல விதி கிடையாது. மதியம் எல்லோரும் ஒன்றாக எழுந்து போய் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்த மேசையில் ஒரே சமயத்தில் மூன்று பேர் பேசுவார்கள், பாதிச் சொற்களை விழுங்குவார்கள், அரசியலிலிருந்து பாலாடைக்கட்டிக்குத் தாவுவார்கள். பாடப்புத்தகத்தின் ஒலிப்பதிவில் கேட்ட தெளிவான குரலை அங்கே தேட முடியாது. முதல் வாரம் ஒன்றுமே பிடிபடாது, தலை வலிக்கும். அந்தத் தலைவலிக்குப் பயந்து தனியாகச் சாண்ட்விச் வாங்கிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விடும் மாணவர், தான் கடல் கடந்து வந்த காரியத்தையே விட்டுவிட்டுப் போகிறார். உட்கார்ந்தே இருங்கள். வகுப்பறையில் உங்களுக்காக எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். இங்கே யாருக்கும் அந்த அவகாசம் இல்லை. காது திறப்பது அதனால்தான்.

● ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில் குறுகிய காலத் தங்கலுக்கு எல்லை, எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாள். வார இறுதியில் பார்சிலோனாவுக்கோ ரோமுக்கோ ஓடிவிட்டு வந்தாலும் அந்த நாட்களும் இதே கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்கு விசாவே வேறு வகை.

● இந்திய மாணவர்களுக்கு ஒரு கதவு இருக்கிறது. ழோர்ழ் சார்பாக்கின் பெயரில் பிரெஞ்சுத் தூதரகம் உதவித்தொகைகள் வழங்கிவருகிறது. பிரெஞ்சு ஆய்வகங்களில் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கென்றே அதில் ஒரு பிரிவு உண்டு. சார்பாக் போலந்திலிருந்து சிறுவனாகப் பிரான்சுக்கு வந்த யூதர். டாஹாவ் வதைமுகாமில் அடைபட்டு மீண்டவர். துகள்களின் பாதையைப் பதிவு செய்யும் கருவியை 1968-இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கி, அதற்காக 1992-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். குடியேறிய வீட்டுப் பிள்ளையின் பெயரை அயல்நாட்டு மாணவர் உதவித்தொகைக்குச் சூட்டியது பொருத்தமான மரியாதை.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பகுதி ஒன்று மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுப்பவர்கள் ஏராளம். மதிப்பெண்ணுக்காக எடுத்தேன் என்று தயங்காமல் சொல்வார்கள். அப்படி எடுத்த இயற்பியல், வேதியியல் மாணவர்களுக்குத்தான் இந்தக் கதவு மிக அருகில் இருக்கிறது. ஆய்வகத்தில் ஆங்கிலத்தால் சமாளித்துவிடலாம். மதியச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பகுதி ஒன்று கைகொடுக்கும்.

● பாரிசின் பதினான்காம் வட்டாரத்தில் 1925-இல் தொடங்கிய மாணவர் குடியிருப்பு நகரம் ஒன்று இருக்கிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட இல்லங்கள். பல நாடுகள் தங்கள் பெயரில் கட்டியவை. இந்தியாவுக்கும் அங்கே ஓர் இல்லம் உண்டு. கோடையில் அறை தேடுபவர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடங்களில் அது ஒன்று.

● பயிற்சி முடிந்ததும் மாணவர் அறிக்கை எழுத வேண்டும் என்று கல்வி நிறுவனங்கள் பெரும்பாலும் கேட்கும். பிரெஞ்சு வழக்கப்படி அதன் முதல் பக்கம் நன்றியுரை. வழிநடத்தியவர், சொல்லிக்கொடுத்தவர்கள், சில சமயம் வரவேற்பறை ஊழியர்வரை பெயர் சொல்லி எழுதுவார்கள். நிறுவனமும் பதிலுக்கு ஒரு காகிதம் தரவேண்டும். பயிற்சி எவ்வளவு காலம் நடந்தது என்பதைக் குறிப்பிடும் சான்றிதழ் அது. சட்டப்படி கட்டாயம். ஜூலைக் கடைசி வாரத்தில் கையெழுத்திட வேண்டியவர் ஏற்கெனவே கடற்கரையில் இருப்பார். செப்டம்பர்வரை மின்னஞ்சலுக்கும் பதில் வராது. அதனால் விடைபெறும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே கேட்டு, முத்திரையும் கையெழுத்தும் சரிபார்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.