கேட்கத் தெரிந்தவர்கள் வேண்டும்

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தபோதே, குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவலர் பதிய வேண்டும் என்று சொல்லிவிட்டது. காவலர்களுக்கு அவ்வப்போது பயிற்சி தருவதை 43-ஆம் பிரிவு அரசின் கடமையாக்கியது. ஆனால் சீருடையைக் கழற்றுவது எளிது. கேள்வியை மாற்றுவதுதான் கடினம். "மாமா உன்னைத் தொட்டாரா?" என்று கேட்டால் பதிலை நாமே ஊட்டிவிடுகிறோம், குறுக்கு விசாரணையில் அது எளிதில் உடையும். "என்ன நடந்தது, சொல்லும்மா" என்று கேட்டுவிட்டு, குழந்தை தயங்கும் நேரம் முழுக்கப் பொறுத்திருக்க வேண்டும்.

வேலைப்பளுவில் திணறுபவர்களுக்கு ஒருநாள் பயிலரங்கு போதாதா என்பார்கள். போதாது. குழந்தைகளை விசாரிக்க அமெரிக்காவில் உருவான என்ஐசிஹெச்டி வழிமுறையை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: தாங்கள் நடத்திய விசாரணைகளை மூத்தவர்கள் தொடர்ந்து அலசித் திருத்தியவரை விசாரணையாளர்கள் நன்றாகக் கேட்டார்கள், அது நின்றதும் பழைய வழக்கத்துக்கே சரிந்தார்கள். பயிற்சி பெற்றவர் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார் என்ற அச்சமும் உண்டு. உண்மையில் அதைத் தடுப்பதே பயிற்சிதான். பொய்யாகக் குற்றம்சாட்டப்பட்டவருக்கும் அதுவே காப்பு. மருத்துவர்கள் கதையும் வேறல்ல. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவர்களிடம் செய்யப்படும் இருவிரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் 2013-இல் கண்டித்தது. ஆனாலும் மருத்துவப் பாடத்திட்டத்தையே மறுஆய்வு செய்யும்படி 2022-இல் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.