மே மாதம் கிரீஸ் பயணமா? முதலில் உடம்பைத் தயார் பண்ணுங்க!

முன்பெல்லாம் என்னிடம் வருகிறவர்கள், "காசிக்குப் போறோம் டாக்டர், குளிர் தாங்குமா?" என்று கேட்பார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. பையன் ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ வேலை பார்க்கிறான். "ரெண்டு மாசம் வந்து இருங்க, அப்படியே கிரீஸையும் சுத்திக் காட்டுறேன்" என்கிறான். அப்பாவுக்கு 65 வயது, சர்க்கரை. அம்மாவுக்கு பிரஷர், முழங்கால் வலி. "மே மாசம் போனா சரியா இருக்குமா?"

சரியாக இருக்கும். அது அங்கே இளவேனிலின் கடைசிப் பகுதி. இங்கே கத்திரி வெயில் கொளுத்துகிற அதே நாட்களில் ஏதென்ஸில் பகல் வெப்பம் 25, 26 டிகிரிதான். ராத்திரியில் 16 வரை இறங்கும். மழை குறைவு. ஜூலை, ஆகஸ்ட் கூட்டமும் இருக்காது. வயதானவர்களைக் கூட்டிப்போக இதைவிட நல்ல காலம் கிடையாது. ஜூன் பிறந்துவிட்டால்தான் கவனம் தேவை.

ஆனால் இதைச் சொன்னதும் நம்ம ஆட்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள் பாருங்கள்: "மெட்ராஸ் வெயிலையே பார்த்தவங்க சார் நாங்க, அந்த வெயில் என்ன பண்ணும்?" அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

இங்கே மே மாதத்தில் உங்கள் அப்பா காலை 10 மணிக்கு மேல் வெளியே தலை காட்டுவாரா? ஃபேனுக்கு அடியில் மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அங்கே போனால் அதே மனிதர் காலையிலிருந்து மாலைவரை மேட்டிலும் படியிலும் ஏறி இறங்குகிறார். நம் ஊர்ப் புழுக்கத்தில் சட்டை நனைந்து, "வியர்த்துக் கொட்டுது, தண்ணி கொடு" என்று உடம்பு கேட்கும். அங்கே கடற்காற்றில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். வயதானால் தாக உணர்வும் மங்கும். சித்த மருத்துவத்தில் பித்தம் ஏறுவது என்று இதைத்தான் சொல்கிறோம். நாக்கு வறளும், சிறுநீர் மஞ்சளாக எரிச்சலோடு போகும், தலை கிறுகிறுக்கும். அந்த நிலை வந்தபிறகு தண்ணீரைத் தேடுவது தாமதம்தான்.

பயமுறுத்தச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். 2024 ஜூன் 5-ந் தேதி, பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஆரோக்கியம் பற்றி வருடக்கணக்கில் பேசிய டாக்டர் மைக்கேல் மோஸ்லி, வயது 67, கிரீஸின் சிமி தீவில் மதிய வெயிலில் தனியாக நடந்து போனார். திரும்பவில்லை. நான்கு நாள் கழித்து உடல் கிடைத்தது. மரணத்தின் காரணம் உறுதியாகத் தெரியவில்லை, வெப்பத் தாக்குதலாக இருக்கலாம் என்றது விசாரணை. அந்த மாதம் அங்கே வெப்ப அலை வீசியது. ஆகஸ்ட் அல்ல, ஜூன் முதல் வாரம். மருத்துவம் படித்தவருக்கே இந்தக் கதி.

அதனால் நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். அக்ரோபோலிஸ் கோடைக்கால நேரப்படி காலை 8 மணிக்குத் திறக்கிறது. டிக்கெட்டை நேரம் குறித்துத்தான் தருகிறார்கள். முதல் நேரத்தையே முன்கூட்டி வாங்கிவிடுங்கள். 11 மணிக்குள் கீழே இறங்கிவிடலாம். மதியம் அறையில் படுக்கை. அந்த ஊர்க்காரர்களே மதியத்தில் ஓய்வெடுக்கிறவர்கள்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. மே கடைசியில் சூரியன் மறையவே இரவு எட்டரை ஆகும். மாலை ஐந்தரைக்குக் கிளம்பினாலும் மூன்று மணி நேர வெளிச்சம் மிச்சமிருக்கும்.

பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில சர்க்கரை மாத்திரைகளும் சிறுநீரை அதிகமாக்கி உடம்பு நீரைக் குறைக்கும். வெயிலில் அலையப் போவதைச் சொல்லி, அளவை மாற்ற வேண்டுமா என்று உங்கள் ஆங்கில மருத்துவரைக் கேளுங்கள். நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

முழங்கால் பேசும்

கிரீஸ் என்றால் படிக்கட்டு. அக்ரோபோலிஸில் ஆயிரமாயிரம் பேர் நடந்து நடந்து பளிங்கு கண்ணாடியாகிவிட்டது. மழையே இல்லாவிட்டாலும் வழுக்கும். சாண்டோரினியில் பழைய துறைமுகத்திலிருந்து மேலே ஊருக்கு 500-க்கும் அதிகமான படிகள். கேபிள் கார் இருக்கிறது, காசைப் பார்க்காமல் ஏறுங்கள். கழுதைச் சவாரி வேண்டாம். வழுக்கும் படியில் அது ஒரு துள்ளு துள்ளினால் இடுப்பெலும்பு போச்சு. அக்ரோபோலிஸில் நடக்க முடியாதவர்களுக்கு லிஃப்ட் உண்டு. முன்னாடியே விசாரித்து வையுங்கள்.

பயணத்துக்கு ஆறு வாரம் முன்பிருந்தே தினமும் அரைமணி நேரம் நடந்து, கடைசி இரண்டு வாரம் மாடிப்படியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மா புடவைக்குச் செருப்புதான் போடுவேன் என்பார். செருப்பு ஆகாது. அடிப்பாகம் பிடிமானமுள்ள ஷூவை இங்கேயே வாங்கிப் பழகட்டும். விமானத்துக்கு முதல் நாள் வாங்கிய புது ஷூ, சர்க்கரைக்காரர் காலில் கொப்புளமாகத்தான் முடியும்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை

சைவர்கள் கிரீஸுக்குப் பயப்படவே வேண்டாம். கீரையை வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சம்பழமும் விட்டுத் தருவார்கள். "ஹோர்த்தா" என்று கேளுங்கள். கோடை தொடங்கும்போது அதில் "வ்லீத்தா" வரும். அது நம் தண்டுக்கீரைக் குடும்பம்தான்! சாலட்டில் போடும் "ஆந்திராக்லா" நம் பருப்புக்கீரை. உடல் சூட்டைத் தணிக்க நாங்கள் எழுதிக்கொடுக்கிற கீரையை அங்கே தட்டிலேயே வைத்துத் தருகிறார்கள். "ஃபாக்கெஸ்" என்பது மைசூர்ப் பருப்பு சூப் மாதிரி. கெட்டித் தயிர் எங்கும் கிடைக்கும். அதில் தேன் ஊற்றித் தருவார்கள், சர்க்கரைக்காரர் தேன் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

"நிஸ்தீசிமோ" என்றால் அவர்களுடைய விரதச் சாப்பாடு. இறைச்சி, முட்டை, பால் இருக்காது. ஆனால் இறாலும் கணவாயும் விரதத்துக்கு ஆகும் என்பது அவர்கள் வழக்கம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வசந்தத்தில் "கூக்கியா" என்று மொச்சை மாதிரி ஒரு பச்சைக் காய் வரும். ஜி-6-பிடி என்கிற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுவிடும். குழந்தைக்கு இந்தக் குறை இருப்பதாக எப்போதாவது டாக்டர் சொல்லியிருந்தால், அதைத் தொடவே கூடாது. சாண்டோரினியில் "ஃபாவா" என்று பருப்புக் கடைசல் தருவார்கள், அது வேறு பருப்பு. பெயர்க் குழப்பம் இருப்பதால் கேட்டுக்கொள்வது நல்லது.

கிரீஸ் நேரம் மே மாதத்தில் நமக்கு இரண்டரை மணி பின்னால். அங்கே இரவுச் சாப்பாடு 9 மணிக்குத்தான் களைகட்டும். இங்கிருந்து நேராகப் போகிறவர் உடம்புக்கு அது ராத்திரி பதினொன்றரை! இன்சுலின் போடுகிறவர்கள் இதைக் கணக்குப் போட்டு, போடும் நேரத்தை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் உறைந்து வீணாகலாம்.

எதைக் கொண்டுபோகலாம்?

நெய், பால்கோவா, வீட்டில் உறை ஊற்றிய தயிர், எதுவும் போகாது. ஐரோப்பிய யூனியனுக்குள் வெளிநாட்டுப் பால் பொருளும் இறைச்சியும் கையில் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கட்டிக்கொள்ளுங்கள்.

சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்: பஸ்பம், செந்தூரம், பேப்பரில் மடித்த சூரணம், எதையும் எடுத்துப் போகாதீர்கள். பெயரில்லாத பொடியை விமான நிலையத்தில் என்னவென்று விளக்குவீர்கள்? உலோகம் சேர்ந்த மருந்தென்றால் சிக்கல் இன்னும் பெரிது. கம்பெனி சீல் உள்ள திரிபலா மாத்திரை, கொஞ்சம் சுக்கு, ஏலக்காய் போதும். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சாண்டோரினிக்குக் கப்பலில் 5 முதல் 8 மணி நேரம். குமட்டலுக்கு சுக்கை வாயில் அடக்கிக்கொள்ளலாம். கோடீன் கலந்த இருமல் மருந்து, வலி மாத்திரையெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாமல் கூடவே கூடாது. மே மாதம் ஆலிவ் பூக்கும் காலமாகையால், மகரந்தம் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரை மறக்க வேண்டாம்.

விசா, இன்ஷூரன்ஸ்

ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்தால் முடியாது. ஜனவரியிலேயே ஆரம்பித்துவிடுங்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். ஜெர்மனியில் மகன் வீட்டில் 40 நாள், கிரீஸில் 7 நாள் என்றால் ஜெர்மனி விசாதான். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாமல், ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கும் இதயத்துக்கும் பணம் தருவார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் பொடி எழுத்தில் "கிடையாது" என்று இருக்கும். நூறு இருநூறு கூடக் கொடுத்து, தருகிற பாலிசியாக எடுங்கள்.

ஹிப்போகிரட்டீஸ் பிறந்த கோஸ் தீவு கிரீஸில்தான் இருக்கிறது. புது ஊருக்குப் போகும் வைத்தியன் முதலில் அந்த ஊரின் காற்று, தண்ணீர், பருவம் மூன்றையும் பார்க்க வேண்டும் என்கிறது அவர் பெயரில் வழங்கும் பழைய நூல் ஒன்று. நம் சித்தர்கள் காட்டிய வழியும் அதேதான். ஏதென்ஸில் குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். சாண்டோரினி மாதிரி தீவுகளில் பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு துண்டுச்சீட்டு. அப்பா, அம்மா பெயர், வயது, நோய், மாத்திரையின் கம்பெனிப் பெயர் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், அளவு, தங்கும் விடுதி, மகனின் போன் நம்பர். எல்லாம் ஆங்கிலத்தில். ஒன்று அப்பா சட்டைப்பையில், ஒன்று அம்மா பர்ஸில். அங்கே ஆம்புலன்ஸ் 166, பொது அவசர எண் 112. பச்சை நிறச் சிலுவை விளக்கு எரிகிற கடை மருந்துக்கடை. இரண்டு பேரின் போனிலும் இந்த எண்களை இங்கேயே பதிந்து, எப்படி அழுத்துவது என்று ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.