காதல் வைத்த புளி

குமரி எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் வீடு கட்டத் தொடங்குகிறவர் மரக்கடையில் முதலில் விசாரிப்பது தேக்கின் விலையை. அதைக் கேட்டுத் தலைசுற்றியதும் அடுத்து விசாரிப்பது ‘ஆப்பிரிக்கத் தேக்கு’. அந்தப் பெயரில் கடைகளில் விற்கும் மரமெல்லாம் தேக்கு என்று சொல்ல முடியாது. இரோகோ என்ற மரத்துக்கும் அந்தப் பெயர் உண்டு, அஃப்ரோர்மோசியா என்ற இன்னொரு மரத்துக்கும் உண்டு. இரண்டாவது மரம் காட்டில் அருகிப்போனதால் 1992 முதல் அதன் பன்னாட்டு வர்த்தகத்துக்கே கட்டுப்பாடு இருக்கிறது. ஆனாலும் ‘ஆப்பிரிக்க’ என்ற சொல்லுக்கு மரக்கடையில் ஒரு மவுசு.

அப்படி விசாரித்துவிட்டு வந்தவர், மனையின் மூலையில் நிற்கும் புளியமரத்தை ‘அஸ்திவாரத்துக்கு இடைஞ்சல்’ என்று விறகுக்காரரிடம் தள்ளிவிடுவார். வெட்டுக்கூலி போக மிச்சம் கொஞ்சம் கையில் வந்தாலே பெரிது. அந்தப் புளியும் அசல் ஆப்பிரிக்க மரம்தான். முற்றிய மரமாக இருந்தால், காசு கொடுத்து வாங்கிய பலகையைவிட அதன் உள்மரம் உறுதியாகவே இருக்கும்.

புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்றால் நம்மவர்களுக்கு நம்ப முடிவதில்லை. பெயரும் நம் பக்கமே சாட்சி சொல்கிறது. அரபு வணிகர்கள் அதைத் ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை என்றார்கள். அதையே பிடித்துக்கொண்டு தாவர இயலாளர் லின்னேயஸ் 1753இல் ‘டாமரிண்டஸ் இண்டிகா’ என்று எழுதிவைத்தார். ஆனால் தாவர இயலாளர்களில் பெரும்பாலோர் அதன் தாய்வீடு வெப்பமண்டல ஆப்பிரிக்காவின் வறண்ட புல்வெளிக் காடுகள் என்கிறார்கள். அங்கே பெருக்க மரத்துக்குத் துணையாக, கறையான் புற்றுகளை ஒட்டி அது வளர்கிறது. செனகல் நாட்டின் வோலோஃப் மொழியில் புளிக்குப் பெயர் ‘தக்கார்’. அந்நாட்டுத் தலைநகர் டாக்காரின் பெயரே அதிலிருந்து வந்தது என்று சொல்வோரும் உண்டு.

வந்தது எப்போது என்பதுதான் விசேஷம். கங்கைச் சமவெளியில் நர்ஹான் என்ற இடத்தில் அகழாய்வு செய்தபோது, கி.மு. 1300 அளவிலான புளியமரக் கரித்துண்டு கிடைத்தது. மிளகாய் நம் அடுப்படிக்கு வந்து ஐந்நூறு ஆண்டுகள் ஆகின்றன, புளிக்கு மூவாயிரத்துக்கு மேல். கிடைத்தது கரி என்பதையும் கவனியுங்கள். அதை அடுப்பில் வைக்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது போலும்.

அவ்வளவு பழைய மரம் நிற்கும் இந்தப் பக்கத்தில் எல்லைக்கோடு விழுந்தது நேற்றுத்தான். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்களான விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே விழுந்தது. ஆனால் இஞ்சிவிளையிலும் செங்கலிலும் காரோட்டிலும் கல்யாணமும் சந்தையும் திருவிழாவும் இன்றுவரை கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. இங்கே இன்னொரு எல்லையும் உண்டு. அதை அடுப்படியில்தான் பார்க்க முடியும்.

கேரளத்தில் வடக்கிலிருந்து தெற்கே வர வர மழை குறையும். திருவனந்தபுரத்தின் தென்கோடி கேரளக் கரையோரத்திலேயே மழை குறைந்த பகுதி. மீன்கறியில் போடும் கொடம்புளி ஈரத்தை விரும்பும் மரம். நம் புளிக்கோ, காய் முற்றுகிற மாதங்களில் நல்ல வெயில் வேண்டும். ஆகவே இங்கிருந்து மத்திய திருவிதாங்கூர்ப் பக்கம் போகப் போகக் கொடம்புளிக் கறி மேலோங்கும், தெற்கே வரத் தேங்காய் அரைத்த புளிக்குழம்பு மேலோங்கும். பாறசாலைப் பக்கம் இரண்டும் கலந்து கிடக்கும். ஒரு வீட்டு மண்சட்டியில் கொடம்புளிச் சுளை கிடக்கும், அடுத்த வீட்டில் ‘வாளன்புளி’ கரைத்துக்கொண்டிருப்பார்கள். காய் வாள்போல வளைந்திருப்பதால் மலையாளத்தில் அந்தப் பெயர்.

மலையாளம் இந்த மரத்துக்கு இன்னொரு சொல்லையும் தருகிறது. மரத்தின் வெளிப்பகுதி வெள்ளை, உள்ளே முற்றிக் கறுத்த பகுதி ‘காதல்’. தமிழில் வைரம் என்போம். ‘காதல் வச்ச மரம்’ என்று எல்லையில் ஒருவர் சொன்னால் பேச்சு மரத்தைப் பற்றியதுதான், சினிமாவைப் பற்றியது அல்ல.

புளியில் இந்தக் காதல் தாமதமாகத்தான் வைக்கும். இருபது வயது மரத்தை வெட்டினால் முக்கால்வாசியும் வெளிர்மஞ்சள் வெள்ளைதான். அது பூச்சி அரிக்கும், பலகைக்கு உதவாது. பல பத்தாண்டுகள் கண்ட மரத்தில்தான், அடித்தண்டின் நடுவில், கத்தரிப்பூ நிறம் கலந்த கரும்பழுப்பில் வைரம் இறங்கியிருக்கும். புதிதாக அறுத்த முகத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே எல்லை நேர்கோடாக இராது, தீவுகளும் வளைகுடாக்களும் கொண்ட கடற்கரை வரைபடம்போல இருக்கும். நார்கள் ஒன்றுக்கொன்று பின்னிக் கிடப்பதால் உளி ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் பிய்க்கும். இழைப்புளி எளிதில் ஓடாது. ஆசாரி ஒருவரிடம் புளி அறுப்பதைப் பற்றிக் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “புளியா? வாளுக்கப் பல்லு போவும்.”

இந்த முரட்டுத்தனத்துக்கு ஏற்ற வேலைகளை முன்னோர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். உரல், உலக்கை, செக்கின் பாகங்கள், வண்டிச்சக்கரத்தின் குடம், கருவிகளின் பிடி, இப்படி அடியும் தேய்மானமும் உள்ள இடமெல்லாம் புளி போயிற்று. ‘புளியங்கொம்பைப் பிடித்துவிட்டான்’ என்ற பேச்சுவழக்கு வெறும் அலங்காரம் அல்ல. முருங்கையில் ஏறினவனுக்கு அதன் அர்த்தம் நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் புளியவிளாரின் பலம் கண்ட தலைமுறைக்கும் விளக்கம் தேவைப்படாது.

இன்றைக்கு அந்தப் பெருமையைக் காப்பாற்றி வருவது இறைச்சிக்கடையும் மீன்கடையும்தான். அடிமரத்தைக் குறுக்கே அறுத்து எடுத்த வட்டக் கட்டை. நார்கள் செங்குத்தாக நிற்கும். கத்தி நார்களுக்கு நடுவே இறங்கி எழுமே தவிர, எளிதில் சிலாம்பு கிளப்பாது, கறியில் மரத்தூள் ஒட்டாது. வருஷக்கணக்கில் வெட்டு வாங்கி நடுப்பகுதி குழிந்து தட்டுப்போல ஆகிவிட்ட கட்டைகளைச் சந்தையில் பார்க்கலாம். அதைச் செதுக்கிச் சமப்படுத்திப் புரட்டிப் போட்டால் இன்னொரு முகம் புதிதாக இருக்கும். தாய்லாந்தில் இதே புளியங்கட்டையை அறுத்து, மெழுகேற்றி, சமையலறைப் பொருளாக வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள். நாம் செங்கல் சூளைக்கு அனுப்புகிறோம். சூளைக்காரர் அதை விரும்புவதற்கும் காரணம் அதே அடர்த்திதான். நின்று எரியும், கரியும் கனமாக விழும்.

அரசர் காலத்திலும் அரண்மனைக் கணக்கில் புளிக்கு மதிப்பு இல்லை. அதில் ஒரு நன்மை இருந்தது. திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, சந்தனம், கருங்காலி எல்லாம் ராஜ மரங்கள். நம் புரையிடத்தில் முளைத்தாலும் அது நம்முடையது அல்ல. முளைத்த கன்றைச் சத்தமில்லாமல் பிடுங்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ. அந்தப் பட்டியலில் புளி இல்லை. ராஜா கண் வைக்காத மரமாதலால் குடியானவன் கொல்லையில் நிம்மதியாகப் பெருத்தது.

குடியானவன் அதை வைத்ததும் மரத்துக்காக அல்ல, பழத்துக்காக. தை முதல் சித்திரை வரை உலுக்கல். ஒருவர் மேலே ஏறிக் கிளையை மிதித்து ஆட்டுவார், கீழே வீட்டுப் பெண்கள் பொறுக்குவார்கள். வெயிலில் காய்ந்து ஓடு கலகலத்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து ஓடு நீக்குவது, நார் உருவுவது, மரச்சுத்தியால் தட்டிக் கொட்டை எடுப்பது. மூன்று நாள் இந்த வேலை பார்த்தால் விரல் நுனி வெளுத்துத் தோல் உரியும். கல்லுப்பு தூவி அழுத்திப் பரணியில் அடைத்தால் புதுப்புளியின் செம்மை போய், மழைக்காலத்துக்குள் கறுத்துப் பதம் வந்துவிடும். பழம்புளிக்குத்தான் மீன்குழம்பில் மரியாதை.

கொட்டையைத் தாயம் விளையாட வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கூடைக்காரருக்குக் கொடுத்தார்கள். அதுவும் வீண் போகவில்லை. கொட்டைப் பருப்பு மாவு இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நெசவுக்கான கஞ்சிப் பசையாக ஆலைகளுக்குள் நுழைந்தது. இப்போது ஜப்பான்காரர்கள் அதிலிருந்து பிரித்த பசையை உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கிறார்கள். சிலவகைக் கண் சொட்டு மருந்துகளிலும் அது உண்டு.

இவ்வளவும் இருந்தும் எல்லைக் கிராமங்களில் புளி குறைந்ததற்கு முதல் காரணம் ரப்பர். 1947ஆம் ஆண்டின் ரப்பர் சட்டத்துக்குப் பிறகு வாரியம் வந்தது, மானியம் வந்தது, தினமும் பால் எடுத்துத் தினமும் காசு பார்க்க முடிந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் ஒரு வருஷம் காய்த்து மறு வருஷம் ஓய்கிற புளி அதன் முன்னால் நிற்க முடியுமா? ரப்பரும் அயல்நாட்டு மரம்தான், அமேசான் காட்டிலிருந்து வந்தது. ஆனால் அதன் மென்மரத்தை மருந்தில் ஊறவைத்து மேசை நாற்காலி செய்யும் தொழில் வளர்ந்திருக்கிறது. பிறவியிலேயே பூச்சி எட்டாத புளி வைரத்துக்கு அப்படி யாரும் முன்னின்று உழைக்கவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்கள் ஒடிந்து விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். புளியோ, காற்றைத் தாங்குவதில் பேர் பெற்ற மரம்.

இரண்டாவது காரணம் நியாயமானது. பத்து சென்ட் மனையில் புளி வைத்தால் வீட்டுக்கு இடம் இராது. அதன் அடர்ந்த நிழலில் வேறு பயிர் உருப்படுவதும் கஷ்டம். மரத்துக்கு மரம் பத்து மீட்டராவது வேண்டும். ஆகவே இது தோட்டமாகப் போடும் மரம் அல்ல, ஓரத்தில் வைக்கும் மரம். கால்வாய்க் கரை, ஊராட்சிப் பாதை, கோயில் வளாகம், பள்ளி மைதானத்தின் விளிம்பு இவற்றுக்குப் பொருந்தும். தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைப் புளியமரங்களின் மகசூல் ஆண்டுதோறும் ஏலம் போய்க்கொண்டிருந்தது. சாலையை அகலப்படுத்தியபோது வரிசை வரிசையாக வெட்டினார்கள். மறுபடி நட்ட இடங்களிலும் பெரும்பாலும் பூமரங்கள்தான்.

கொட்டை போட்டு முளைத்த கன்று காய்க்க எட்டுப் பத்து வருஷம் ஆகும் என்ற பழைய கணக்கு இப்போது மாறிவிட்டது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, பக்கத்து ஊரான எண்டப்புளியின் நாட்டு மரத்திலிருந்து தேர்ந்தெடுத்து ‘பிகேஎம் 1’ என்ற ரகத்தை வெளியிட்டது. ஒட்டுக்கன்றாக நட்டால் நான்காம் வருஷமே காய் பார்க்கலாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பழம் சீக்கிரம் வரும், காதல் சீக்கிரம் வராது. இரண்டையும் ஒரே மரத்தில் கேட்கிறவர் பொறுமையும் சேர்த்து நடவேண்டும்.

பேய்க்கதையையும் சொல்லிவிடலாம். அந்தி சாய்ந்தால் புளி இலைகள் இணைந்து மூடிக்கொள்ளும். ‘மரம் தூங்குகிறது, பேய் வரும், கீழே படுக்காதே’ என்றார்கள். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் புளிக்கு ‘உறங்காப்புளி’ என்று பெயர். இலை மூடாதது அங்கே அற்புதமானது. கோயிலுக்குள் நின்றால் தெய்வம், கொல்லையில் நின்றால் பேய். மரத்தின் விதி அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

நெய்யாற்றின்கரைக்காரர்கள் மரத்தை மதிக்கத் தெரியாதவர்கள் அல்ல. பகைவர்களான எட்டுவீட்டில் பிள்ளைமாருக்குத் தப்பி, பிறகு திருவிதாங்கூர் ராஜாவான மார்த்தாண்டவர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் பலாமரப் பொந்தை, ‘அம்மச்சிப் பிலாவு’ என்று கிருஷ்ணன் கோயிலில் இன்றும் காத்துவருகிறார்கள். அங்கிருந்து தெற்கே பஸ் பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் நாகர்கோவில். ஊர்ப் போட்டிக்குப் பலியான ஒரு புளியை நாயகனாக்கி, 1966இல் வெளிவந்த ‘ஒரு புளியமரத்தின் கதை’யை எழுதிய சுந்தர ராமசாமியின் ஊர். பலாவுக்கு ஒரு ராஜா கிடைத்தார், புளிக்கு ஒரு நாவலாசிரியர்.

உங்கள் கொல்லையில் முற்றின புளி ஒன்று நின்று, வெட்டித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், மொத்தமாக விறகுக்கு விலை பேசிவிடாதீர்கள். கிளைகள் போகட்டும். அடிமரத்தை மட்டும் நிறுத்திவைத்து, முதலில் பக்கத்துச் சந்தை இறைச்சிக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பிறகு விலை சொல்லுங்கள்.