ஹிட்லர் போட்ட தடை! பகை மறந்து ஒரே கூடாரத்தில் பேரன்மார்கள்!

கழுத்திலே ஸ்கார்ப், தோளிலே பை, கையிலே கயிறு. இந்தச் சாரணர் பையன்களைக்கூட ஹிட்லரால் பொறுக்க முடியவில்லை!

ஜெர்மனியில் அவர் 1933-ல் பதவிக்கு வந்ததும் சாரணர் சங்கங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தடை. 1938-ல் கத்தோலிக்கச் சாரணர் சங்கத்துக்கும் பூட்டு! 1939-ல் 'ஹிட்லர் இளைஞர் படை'யில் சேருவது கட்டாயம் என்று உத்தரவு.

போர் முடிந்தது. 1950-ல் மேற்கு ஜெர்மனிச் சாரணர்களை உலக சாரணர் அமைப்பு சேர்த்துக்கொண்டது. கிழக்கு ஜெர்மனியிலோ, 1989-ல் பெர்லின் சுவர் விழும்வரை தடைதான்.

பயணத்துக்குப் பணம்

1963-ல் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் சேர்ந்து இளைஞர் அலுவலகம் ஒன்றை ஆரம்பித்தன. 1991-ல் போலந்துடனும் இதேபோல் ஒப்பந்தம். எல்லை தாண்டிப் போய்ப் பழகும் இளைஞர் குழுக்களுக்குச் செலவில் ஒரு பங்கை இந்த அலுவலகங்களே தருகின்றன. சாரணர்களும் போகிறார்கள்.

தாத்தாக்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். பேரன்மார்களோ ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு, ஒரே கூடாரத்தில் குறட்டை விடுகிறார்கள்!