டீசல் குடிக்கும் பழைய வேன்: பம்பைக் கழற்றுவதற்கு முன்னர்

"வேன் இழுக்குதில்லை, டீசல் மட்டும் நல்லாக் குடிக்குது." பொருள் விநியோகத்துக்குப் பழைய டீசல் வேன் வைத்திருக்கும் வியாபாரிகளிடம் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் ஒட்டோ டீசல், 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவுக்கு உயர்ந்தது. பின்னர் குறைந்ததாயினும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியில், தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. அப்படியிருந்தும் புது வாகனம் வாங்குவது சிறு வியாபாரிக்கு எட்டாத காரியமாகவே இருக்கிறது. ஆகவே 25, 30 வருடப் பழைமையான லைட்ஏஸ், டவுன்ஏஸ், டொல்பின் வேன்களை வைத்துத்தான் பலரும் தொழில் செய்கின்றனர்.

இதில் எவ்வளவு பணம் போகிறது என்பதைச் சிறு கணக்கில் பார்ப்போம். மாதம் 1500 கிலோ மீற்றர் ஓடும் வேன் ஒன்று லீற்றருக்கு 12 கிலோ மீற்றர் ஓடினால் 125 லீற்றர் டீசல் போதும். அதே வேன் 9 கிலோ மீற்றர் ஓடினால் ஏறத்தாழ 167 லீற்றர் தேவை. வருடத்துக்கு 500 லீற்றர் மேலதிகச் செலவு. இன்றைய விலையால் பெருக்கிப் பாருங்கள். பல கடைகளில் ஒரு மாத நிகர இலாபம் அதில் போய்விடும்.

இதைத் திருத்தப் போகும் பலர், நேரே பம்பையும் நொசலையும் கழற்றச் சொல்லிவிடுகின்றனர். செலவு கூடிய வேலை அதுதான். என் அனுபவத்தில், செலவு குறைந்ததிலிருந்து தொடங்கி ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு போனால், பாதி வழியிலேயே கோளாறு அகப்பட்டுவிடும்.

முதலில் அளந்து பாருங்கள்

"முந்தி 3000 ரூபாவுக்கு அடித்தால் இரண்டு நாள் ஓடும்" என்பது அளவல்ல. ஒரே பெற்றோல் செட்டில், ஒரே பம்பில், டேங்க் நிறையும் வரை அடித்து மீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது 300 கிலோ மீற்றர் ஓடிய பின்னர் அதே இடத்தில் மீண்டும் நிறைய அடியுங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை அடித்த லீற்றரால் வகுத்தால் உண்மை தெரியும். மூன்று டேங்குக்கு இப்படிச் செய்யுங்கள். ஏற்றிய சுமையையும் எழுதி வையுங்கள்.

பழைய வேனின் மீற்றரையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. டயரின் அளவு மாறியிருந்தால் மீற்றர் பிழையாகக் காட்டும். பிரதான வீதியோரத்துக் கிலோ மீற்றர் கற்களுடன் அல்லது கைத்தொலைபேசியின் வழிகாட்டியுடன் 10 கிலோ மீற்றர் ஒப்பிட்டுப் பாருங்கள். இரவில் வேன் நின்ற இடத்தில் டீசல் ஈரம் இருக்கிறதா, பம்பிலிருந்து டேங்குக்குத் திரும்பும் சிறு றப்பர்க் குழாய்கள் வெடித்திருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள்.

அளப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. டீசல் கூடினால் பல முதலாளிமாரின் சந்தேகம் முதலில் விழுவது சாரதி மீதுதான். பலசரக்கு மொத்த வியாபாரியான என் நண்பரும் அப்படித்தான். "நானா, டிரைவர் டீசல் எடுக்கிறானோ தெரியல்ல. இந்த மாசத்தோட நிப்பாட்டப் போறன்" என்றார். அவருடையது 2சீ என்ஜின் பூட்டிய லைட்ஏஸ். அந்தச் சாரதி எட்டு வருடங்களாக அவரிடம் வேலை செய்பவர். ஒரு டேங்க் டீசலை நீங்களே ஓட்டிப் பாருங்கள் என்றேன். ஓட்டினார். சாரதி ஓட்டியபோது 9, அவர் ஓட்டியபோதும் 9. கோளாறு வேனில்தான் என்பது அப்போதே தெளிவாயிற்று.

புகையைப் பாருங்கள்

டீசல் என்ஜின் தன் நோயைப் புகையால் சொல்லும். கறுப்புப் புகை என்றால், உள்ளே போகும் டீசலுக்குப் போதிய காற்று இல்லை என்று பொருள். முதலில் எயார் பில்டரைப் பாருங்கள். நமது வீதித் தூசியில் அது விரைவில் அடைத்துவிடும். டர்போ உள்ள என்ஜினாக இருந்தால் காற்றுக் குழாய்களில் வெடிப்பு உண்டா என்றும் பார்க்க வேண்டும். அவை சரியாக இருந்தால்தான் நொசலில் சந்தேகப்பட வேண்டும்.

காலையில் மட்டும் வெள்ளைப் புகை வந்து, என்ஜின் சூடானதும் நின்றுவிட்டால் பெரும்பாலும் ஹீற்றர் பிளக் பழுது. சூடான பின்னரும் மூக்கை எரிக்கும் வெள்ளைப் புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. டைமிங் பிந்தியிருக்கலாம், கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். வெள்ளைப் புகையுடன் ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கெஸ்கட்டை அல்லது ஹெட்டில் வெடிப்பைச் சந்தேகியுங்கள். 2சீ என்ஜின் அதிகம் சூடேறினால் ஹெட் வெடிப்பது தெரிந்த விடயம். நீலப் புகை என்ஜின் ஒயில் எரிவதன் அடையாளம்.

ஒரு விடயத்தில் கவனம் தேவை. வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் சித்தியடைவதற்காகச் சில கராஜ்களில் பம்பின் டீசல் அளவைக் குறைத்துவிடுவார்கள். புகை குறையும், சான்றிதழும் கிடைக்கும். ஆனால் இழுவையும் போய்விடும். மேட்டில் மூன்றாம் கியரில் ஏறிய வேனை இரண்டாம் கியரில் ஏற்ற வேண்டியிருப்பதால் டீசலும் மிஞ்சாது. அழுக்கான பில்டரும் பழுதான நொசலும் அப்படியேதான் இருக்கும்.

புகையுமில்லை, இழுவையுமில்லை என்றால்

அப்போது என்ஜினுக்குப் போதிய டீசல் போகவில்லை. அல்லது என்ஜின் நன்றாக இருந்தும் அதன் சக்தி சில்லுக்குப் போய்ச் சேரவில்லை.

டீசல் பில்டரை மாற்றி எவ்வளவு காலம் என்று பாருங்கள். அதன் அடியில் தேங்கும் தண்ணீரை அடிக்கடி திறந்து விட வேண்டும். பம்புக்குப் போகும் குழாயில் சிறிது நேரத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்திப் பார்த்தால், காற்றுக் குமிழ்கள் வருகின்றனவா என்பது கண்ணுக்கே தெரியும். எக்ஸிலேட்டர் கேபிள் இழுபட்டுப்போய், மிதியை முழுவதும் மிதித்தாலும் பம்பின் கை முழுவதும் திரும்பாத வேன்களும் உண்டு. இதைச் சரிசெய்யச் சில நிமிடங்களே போதும்.

மேட்டில் என்ஜின் சத்தம் கூடியும் வேகம் கூடவில்லையென்றால் கிளச் பிளேட் நழுவுகிறது.

அடுத்தது, வேன் இலகுவாக உருள்கிறதா என்பது. சமதரையில் நியூட்ரலில் வைத்து ஒருவர் தள்ளிப் பார்க்கட்டும். ஜாக்கியில் உயர்த்தி ஒவ்வொரு சில்லாகக் கையால் சுற்றிப் பாருங்கள். 10 கிலோ மீற்றர் ஓடி நிறுத்தியதும் ரிம்முக்கு அருகில் கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். ஒரு சில்லு மட்டும் அதிகம் சுட்டால் பிரேக் இறுகியிருக்கிறது. டயர்க் காற்றைக் கதவோரத் தகட்டில் உள்ள அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்று தேர்மோஸ்டட். என்ஜின் சூடேறுகிறது என்றால் அதைக் கழற்றி எறிந்துவிடுவது நமது நாட்டில் பழகிப்போன வழக்கம். ஆனால் என்ஜின் உரிய சூட்டுக்கு வராவிட்டால் டீசல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். வெப்பமானியின் முள் எப்போதும் அடியிலேயே நின்றால் இதைச் சந்தேகியுங்கள்.

நண்பரின் வேனில் அகப்பட்டவை இவைதான். புகை இல்லை, பில்டர்கள் புதியவை. பின் இடது சில்லு கையால் சுற்ற மறுத்தது. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து, பிரேக் ஷூ ட்ரம்மோடு உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. தேர்மோஸ்டட்டும் இருக்கவில்லை. பம்பையும் நான்கு நொசல்களையும் திருத்த வேண்டும் என்று ஒரு கராஜில் கேட்கப்பட்ட தொகையில் சிறு பங்குடன் வேலை முடிந்தது. அடுத்த மூன்று டேங்குகளிலும் 11க்கு மேல் ஓடியது. சாரதி இன்றும் அவரிடம்தான் வேலை செய்கிறார்.

பம்பும் நொசலும் எப்போது?

மேற்சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் குறை நீங்காவிட்டால்தான் பம்பின் பக்கம் போக வேண்டும். அப்போதும் முதலில் டைமிங். லைட்ஏஸின் 2சீ, டொல்பினின் 3எல் ஆகிய என்ஜின்களில் பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட். அதை 100,000 கிலோ மீற்றருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் அடித்து என்ஜினே நாசமாகிவிடும். பெல்ட் மாற்றிய நாளிலிருந்து இழுவை குறைந்ததாயின், ஒரு பல் தவறிப் பூட்டப்பட்டிருக்கலாம். பம்பின் டைமிங்கைக் காதால் கேட்டு வைப்பதை விட டயல் கேஜ் வைத்துப் பார்ப்பதே நம்பகமானது.

எந்த சிலிண்டர் பலவீனம் என்றறிய, என்ஜின் ஓடும்போது நொசல் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். சத்தம் மாறாத சிலிண்டரில்தான் குறை. இதை அனுபவமுள்ள பாஸ் ஒருவரே செய்ய வேண்டும். அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்துவிடும். கொமன் ரெயில் முறையில் இயங்கும் பிந்திய என்ஜின்களில் இதைச் செய்யவே கூடாது. அவற்றை ஸ்கேனரில் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நொசல்களைக் கழற்றினால் சோதனை இயந்திரத்தில் அவை விசிறும் விதத்தை நேரில் பாருங்கள். பம்பைத் திருத்துமுன் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்ரஷன் இல்லாத என்ஜினுக்குப் புதுப் பம்ப் பூட்டியும் பயனில்லை. மண்ணெண்ணெய் கலந்த மலிவு டீசலையும் தவிருங்கள். இந்தப் பம்புகளுக்கு உள்ளே எண்ணெய்ப்பசை கொடுப்பது டீசல்தான். அது குறைந்தால் பம்ப் தேய்ந்துவிடும்.

கடைசியாக ஒன்று. கராஜில் ஒரே நாளில் ஐந்து சாமான்களை மாற்றினால், எது குணப்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த முறையும் ஐந்தையும் மாற்றுவீர்கள். ஒவ்வொன்றாகத் திருத்துங்கள், ஒரு டேங்க் ஓடி அளந்து பாருங்கள், கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். கடைக்குக் கணக்குப் புத்தகம் வைப்பது போல வேனுக்கும் ஒரு கொப்பி வையுங்கள். திகதி, கிலோ மீற்றர், லீற்றர், செய்த வேலை ஆகிய நான்கு நிரல்கள் போதும். அந்தக் கொப்பி கையிலிருந்தால் பாஸிடமும் ஆதாரத்துடன் பேசலாம், சாரதியிடமும் வீண் சந்தேகமின்றிப் பேசலாம்.