சம்பளம் குறையுது, வேலை கூடுது, ஷிஃப்ட் மாறுது... கம்பெனி நினைத்தால் செய்துவிட முடியுமா?

‘திங்கட்கிழமை முதல் உங்கள் ஷிஃப்ட் மாற்றப்படுகிறது.’ வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெச்.ஆரிடமிருந்து இப்படி ஒரு மெயில். அடுத்த மாதம் ‘தற்காலிகமாக’ 15 சதவீத சம்பளக் குறைப்பு. வேலையைவிட்டுப் போன இரண்டு பேரின் வேலையும், புது ஆள் எடுக்காமல், இருக்கிறவர்கள் தலையில். ‘இந்தக் காலத்துல வேலை இருக்குறதே பெரிய விஷயம்’ என்று நண்பர்கள் ஆறுதல் சொல்வார்கள். ஆனால், சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

29 பழைய சட்டங்களுக்குப் பதிலாக வந்த 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. இந்த மூன்று பிரச்னைகளுக்கும் அவற்றில் என்ன பதில் இருக்கிறது?

*சொல்லாமல் கொள்ளாமல் மாற்றலாமா?*

கூடாது. சம்பளம், படிகள், வேலை நேரம், இடைவேளை, ஷிஃப்ட் முறை போன்றவற்றை மாற்ற நினைக்கும் நிறுவனம், முதலில் தொழிலாளர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதன்பின் 21 நாள்கள் காத்திருக்க வேண்டும். தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின் 40-வது பிரிவு இது. புதுசு ஒன்றும் இல்லை. 1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்ததுதான்.

விதிவிலக்குகளும் உண்டு. தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படி மாற்றம் நடந்தால் நோட்டீஸ் தேவையில்லை. ஷிஃப்ட் மாற்றத்தை, அவசரச் சூழலில் குறைதீர்க்கும் குழுவைக் கலந்து பேசிச் செய்யலாம். 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடத்தில் அந்தக் குழு இருந்தாக வேண்டும். உங்கள் ஆபீஸில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

நோட்டீஸ் கொடுத்துவிட்டதாலேயே கம்பெனி செய்வது சரியாகிவிடாது. பேசவும், எதிர்ப்பைப் பதிவு செய்யவும் கிடைக்கிற அவகாசம்தான் அந்த 21 நாள்.

*‘நான் ஐ.டி. ஊழியர், எனக்கு இது பொருந்துமா?’*

பலருக்கும் வரும் சந்தேகம் இது. திறன்சார்ந்த, தொழில்நுட்ப, அலுவலக வேலை செய்பவர்கள் சட்டப்படி ‘தொழிலாளி’தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் ரூ.18,000-க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் இதில் வரமாட்டார்கள். விசிட்டிங் கார்டில் ‘மேனேஜர்’ என்று இருப்பதை வைத்து மட்டும் இது முடிவாவதில்லை. தினமும் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்பதைத் தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

*கூடுதல் நேரத்துக்குக் காசு உண்டா?*

உண்டு. ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பதுதான் அடிப்படை. அதைத் தாண்டினால், வழக்கமான சம்பளத்தைப்போல இரண்டு மடங்கு. கொரோனா காலத்தில் குஜராத் அரசு, 12 மணி நேர வேலைக்கு அனுமதி கொடுத்து, இரட்டைச் சம்பளம் வேண்டாம் என்றது. 2020 அக்டோபர் 1-ல் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பாணையை ரத்து செய்தது. பொருளாதார நெருக்கடியைக் காரணம் காட்டித் தொழிலாளியின் உரிமையில் கைவைக்க முடியாது என்பதுதான் அதன் சாரம்.

இது காசு விஷயம் மட்டுமில்லை. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் கணக்கிட்டன.

*குறைப்பு சம்பளத்தோடு நிற்காது*

அடிப்படைச் சம்பளம் குறைந்தால் பி.எஃப். பங்களிப்பும் குறையலாம். கிராஜுவிட்டியோ கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். 10 வருஷம் வேலை பார்த்தவரின் அடிப்படைச் சம்பளம் ரூ.30,000 என்றால், கிராஜுவிட்டி சுமார் ரூ.1.73 லட்சம். 15 சதவீதம் குறைத்து ரூ.25,500 ஆன நிலையில் வேலையைவிட்டால், சுமார் ரூ.1.47 லட்சம்தான். ‘தற்காலிகம்’ என்கிற வார்த்தைக்கு முடிவுத் தேதி கேட்க வேண்டியது இதனால்தான்.

*என்ன செய்யலாம்?*

* மெயிலில் உள்ள ‘ஒப்புக்கொள்கிறேன்’ பட்டனை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். சம்மதம் கொடுத்தபின் எதிர்ப்பது கஷ்டம்.
* குறைப்பு எத்தனை மாதம், பிடித்தது திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை செல்லாது.
* பழைய சம்பள ரசீது, பணி நியமனக் கடிதம், லாகின் நேரம் எல்லாவற்றுக்கும் உங்களிடம் ஒரு பிரதி இருக்கட்டும்.
* தனியாகப் போகாதீர்கள். ஒரே மெயில் வந்த பத்து பேரும் சேர்ந்து ஒரே கேள்வியைக் கேட்டால், அதற்குக் கிடைக்கும் மரியாதையே வேறு.
* பேச்சுவார்த்தை பலிக்கவில்லை என்றால், மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

சேர்ந்து கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரல் 21-ல் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே 1-ம் தேதி, தொழிலாளர் தினத்தன்று, அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். இடையில் இருந்தது பத்தே நாள்.