பென்குயினுக்கு ஒரு எக்ஸெல் ஷீட்

கம்ப்யூட்டர் வாங்கி ஒன்றிரண்டு மாதம் ஆகியிருக்கும். பாட்டு கேட்டாயிற்று, படம் பார்த்தாயிற்று, சீட்டுக்கட்டு கேமும் ஆடி அலுத்திருக்கும். எக்ஸெல்லைத் திறந்து பால் கணக்கும் மளிகைக் கணக்கும்கூடப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். அதே எக்ஸெல்லில் அண்டார்டிகா பென்குயின்களின் எதிர்காலத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றால் நம்புவீர்களா? இந்த மாதம் அதைத்தான் செய்யப் போகிறோம்.

'2100க்குள் பென்குயின்கள் அழியும்: கம்ப்யூட்டர் கணிப்பு' என்ற மாதிரி செய்திகள் அவ்வப்போது வருகின்றன. படித்துவிட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. 'நாளைக்கு மழை வருமா என்றே சரியாகச் சொல்லத் தெரியவில்லை, 2100க்குப் போய்விட்டார்கள்' என்று சிரிப்பவர்களும் உண்டு. நான் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர். அலுவலகத்தில் பில்லிங் புரோகிராம் எழுதுகிறேன். பென்குயினை நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படித்தபோது, உள்ளே ஓடுகிற கணக்கு எனக்குப் பழக்கமானதாகவே இருந்தது. போன மாத இருப்பு, இந்த மாத வரவு, இந்த மாதச் செலவு. அவ்வளவுதான்!

ஐஸ் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து

முதலில் நம் கதாநாயகரைத் தெரிந்துகொள்வோம். பென்குயின்களிலேயே மிகப் பெரியது எம்பரர் பென்குயின். 2005ல் வெளிவந்து ஆஸ்கர் வாங்கிய 'மார்ச் ஆஃப் தி பென்குவின்ஸ்' படத்தில் பார்த்திருப்பீர்கள். வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. அதையும் அண்டார்டிகாவின் கடும் குளிர்காலத்தில், உறைந்த கடலின் மேல்தான் இடும். அப்பா பென்குயின் சுமார் இரண்டு மாதம் அந்த முட்டையைக் காலின் மேல் வைத்து, ஒன்றும் சாப்பிடாமல் அடைகாக்கும். அதுவரை அம்மா கடலுக்குப் போய் மீன் பிடித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்.

குஞ்சுகளுக்குத் தண்ணீர் புகாத சிறகு முளைக்க டிசம்பர் ஆகிவிடும். அதற்கு முன் காலடியில் உள்ள ஐஸ் உடைந்தால் குஞ்சுகள் கடலில் விழுந்து செத்துப்போகும். அப்படியானால் ஐஸ் நிறைய இருந்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். அதுவும் இல்லை. ஐஸ் ரொம்ப தூரம் பரவிவிட்டால், சாப்பாட்டுக்காகப் பெற்றோர் வெகுதூரம் நடக்க வேண்டும். அவை திரும்பி வருவதற்குள் குஞ்சு பட்டினி கிடக்கும். மறுபக்கம், ஐஸ் குறைந்தால் பெரிய பறவைகளுக்கே ஆகாரம் குறைகிறது. ஐஸின் அடியில் வளரும் பாசியைத் தின்றுதான் கிரில் என்ற சின்ன இறால் போன்ற உயிரினம் வளர்கிறது. கிரிலையும், கிரிலைத் தின்னும் மீன்களையும் நம்பித்தான் பென்குயின் இருக்கிறது.

ஆக, ஐஸ் ஒரு நடுத்தர அளவில் இருக்க வேண்டும். இந்த உறவை எண்களாக மாற்றுவதுதான் மாடல்.

நாமே ஒரு மாடல் செய்வோம்

எக்ஸெல்லில் புதிய ஷீட்டைத் திறந்துகொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கைப் பயன்படுத்தலாம். (கீழே நான் தமிழில் கொடுத்திருக்கும் செல் பெயர்களையும் பங்ஷன் பெயர்களையும் நீங்கள் ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும்.)

ஏ1 செல்லில் 1000 என்று டைப் செய்யுங்கள். இது நம் கற்பனைக் காலனியில் உள்ள ஜோடிகளின் எண்ணிக்கை. பெரிய பறவைகளில் 100க்கு 95 அடுத்த வருடம் உயிரோடு இருக்கும் என்றும், இறந்தவற்றுக்குப் பதிலாக 100க்கு 5 இளம் ஜோடிகள் புதிதாகச் சேரும் என்றும் வைத்துக்கொள்வோம். ஏ2 செல்லில் இப்படி எழுதுங்கள்:

=ஏ1*0.95+ஏ1*0.05

என்டர் தட்டினால் 1000 வரும். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தை மவுஸால் பிடித்து ஏ51 வரை இழுத்து விடுங்கள். 50 வருடமும் 1000தான். வரவும் செலவும் சரியாக இருக்கிறது.

இப்போது ஏ2ல் உள்ள 0.95ஐ 0.92 ஆக்கிவிட்டு மறுபடி இழுங்கள். வெறும் 3 சதவீத வித்தியாசம்தான். ஆனால் ஏ51ஐப் பாருங்கள், சுமார் 218! கந்துவட்டி எப்படி வளரும் என்று நமக்குத் தெரியும். இது அதே கணக்கைத் தலைகீழாகப் போட்டது.

இன்னொரு சோதனை. உயிர்வாழும் விகிதம் பழையபடி 0.95ஆகவே இருக்கட்டும். ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எல்லாக் குஞ்சுகளும் செத்துவிடுகின்றன, எனவே அந்த முறை புதிய ஜோடிகள் எதுவும் சேருவதில்லை என்று வையுங்கள். 50 வருடம் கழித்து சுமார் 599 ஜோடிகள் மிஞ்சும். கொத்துக்கொத்தாகக் குஞ்சுகள் சாவதுதான் பார்க்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் வருடா வருடம் கூடுதலாக 100க்கு 3 பெரிய பறவைகள் சத்தமில்லாமல் சாவதுதான் காலனியை அதிகமாகக் காலி செய்கிறது. நீண்ட நாள் வாழ்ந்து, குறைவாகக் குஞ்சு பொரிக்கும் பறவைகளுக்கு எல்லாம் இதுதான் விதி.

உண்மையிலும் இதுதான் நடந்தது

அண்டார்டிகாவின் அடேலி லேண்ட் பகுதியில் பிரான்ஸ் நாட்டின் டூமோன் தூர்வில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் பக்கத்தில் உள்ள எம்பரர் காலனியை 1950களிலிருந்தே எண்ணி வருகிறார்கள். அங்கே சுமார் 6000 ஜோடிகள் இருந்தன. 1970களின் பிற்பகுதியில் வழக்கத்துக்கு மாறான வெப்பம் நீடித்தது, கடல் ஐஸ் சுருங்கியது, பென்குயின்கள் ஏறக்குறைய பாதியாகிவிட்டன. காரணம் பெரிய பறவைகள், முக்கியமாக ஆண்கள், அதிகம் இறந்ததுதான் என்று 2001ல் நேச்சர் இதழில் வந்த ஆராய்ச்சி காட்டியது.

அந்த எண்களை வைத்துத்தான் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டெபானி ஜெனூவ்ரியே குழுவினர் 2009ல் தங்கள் மாடலை வெளியிட்டார்கள். 1962 முதல் 2005 வரை சேர்த்த விவரங்கள் ஒரு பக்கம், எதிர்காலத்தில் ஐஸ் எவ்வளவு இருக்கும் என்று சொல்லும் காலநிலை மாடல்கள் மறுபக்கம். விடை: 6000 ஜோடிகள் இருந்த காலனி 2100ல் சுமார் 400 ஜோடிகளாகச் சுருங்கலாம். 95 சதவீதமோ அதற்கு மேலுமோ அழிந்துபோகும் வாய்ப்பு குறைந்தது 36 சதவீதம்.

அது என்ன 36 சதவீதம்?

இதையும் எக்ஸெல்லிலேயே புரிந்துகொள்ளலாம். எல்லா வருடமும் ஒரே மாதிரி இருக்காது அல்லவா? எந்த வருடம் மோசமாகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கம்ப்யூட்டரைப் பகடை உருட்டச் சொல்ல வேண்டும். ரேண்ட் என்ற பங்ஷன் 0க்கும் 1க்கும் இடையில் ஏதாவது ஒரு எண்ணைத் தரும். பி1ல் 1000 போட்டு, பி2ல் இதை எழுதி பி51 வரை இழுங்கள்:

=பி1*இஃப்(ரேண்ட்()<0.2,0.85,1)

ஐந்தில் ஒரு வருடம் மோசம், அப்போது 15 சதவீதம் குறையும், மற்ற வருடங்களில் மாற்றமில்லை என்று அர்த்தம். இப்போது எப்9 கீயை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் பி51ல் வேறு எண் வரும்! பெரும்பாலும் 200ஐ ஒட்டி இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் 400ஐத் தாண்டும், இல்லையென்றால் 100க்கும் கீழே போகும்.

விஞ்ஞானிகள் இதையே ஆயிரக்கணக்கான முறை ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டியதில் 100க்கு 36 தடவை காலனி ஏறக்குறைய காலியானது என்பதுதான் அந்த 36 சதவீதம். இதில் ஜோசியம் எதுவும் இல்லை. 'இப்படியே போனால் இன்னது நடக்க இத்தனை வாய்ப்பு' என்கிறது மாடல். அந்த 'இப்படியே போனால்' என்ற வார்த்தையைத்தான் செய்தித் தலைப்புகள் விட்டுவிடுகின்றன.

ஒரு செல்லை மாற்றினால்...

அந்த வார்த்தைக்கு எவ்வளவு எடை என்பதை 2020ல் இதே குழுவினர் வெளியிட்ட கணக்கு காட்டுகிறது. இந்த முறை கண்டம் முழுவதும் உள்ள காலனிகளை எடுத்துக்கொண்டார்கள். புகை வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் 2100க்குள் 80 சதவீதக் காலனிகள் ஏறக்குறைய அழியும். பூமியின் வெப்ப உயர்வை 2 டிகிரிக்குள் நிறுத்தினால் 31 சதவீதம். 1.5 டிகிரிக்குள் நிறுத்தினால் 19 சதவீதம். மாற்றியது உள்ளே போகும் வெப்ப அளவைத்தான்!

குறைகள் இல்லாமல் இல்லை

எந்த சாப்ட்வேரும் முதல் வெர்ஷனிலேயே முழுமையாக இருக்காது. முதலில் வந்த பென்குயின் மாடலில், ஒரு காலனியின் பறவைகள் இன்னொரு இடத்துக்குக் குடிபெயரும் வசதி இல்லை. ஆனால் ஹாலி பே என்ற பெரிய காலனியில் 2016ல் ஐஸ் சீக்கிரமே உடைந்து, மூன்று வருடம் தொடர்ந்து குஞ்சுகள் ஏறக்குறைய எதுவும் தப்பாதபோது, பக்கத்துக் காலனியில் கூட்டம் பெருகியதை செயற்கைக்கோள் படங்கள் காட்டின. பிந்தைய மாடல்கள் இந்த இடமாற்றத்தையும் சேர்த்துக்கொண்டன.

கடல் ஐஸும் போக்குக் காட்டுகிறது. செயற்கைக்கோள் பதிவுகளில் 2014 குளிர்காலத்தில் அண்டார்டிக் கடல் ஐஸ் அதுவரை இல்லாத அளவுக்குப் பரவியது. 2023 குளிர்காலத்திலோ அதுவரை இல்லாத அளவுக்குச் சுருங்கியது. இந்த ஏற்ற இறக்கத்தைக் காலநிலை மாடல்கள் சரியாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஐஸ் போனால் குஞ்சுகள் போகும் என்ற அடிப்படை மாறவில்லை. 2022ல் பெல்லிங்ஸ்ஹாசன் கடலில் ஐஸ் முன்கூட்டியே உடைந்தபோது, அங்குள்ள ஐந்து காலனிகளில் நான்கில் அந்த வருடக் குஞ்சுகள் தப்பவில்லை. அதே 2022ல் எம்பரர் பென்குயினை ஆபத்தை எதிர்நோக்கும் இனமாக அமெரிக்க அரசு அறிவித்தது. அந்த முடிவுக்கு இத்தகைய மாடல்களும் அடிப்படை.

இவ்வளவுக்கும் தேவைப்படும் அடிப்படைக் கணக்கு உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சாதாரணம். விலைமதிப்பில்லாதது அதற்குள் போகும் எண்கள்தான். பனியில் நின்று அறுபது எழுபது வருடமாக யாரோ விடாமல் எண்ணியதால்தான் அந்தப் பார்முலாவுக்கு உயிர் வந்தது. அந்த எண்கள் இல்லையென்றால் 0.95 என்று போடுவதா 0.92 என்று போடுவதா என்றே தெரியாது. அந்த வித்தியாசம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத்தான் இப்போது பார்த்தோமே!

பைலை ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்துகொள்ளுங்கள். பிறகு பி2ல் உள்ள 0.2ஐ 0.1 ஆக மாற்றி மறுபடி இழுங்கள். மோசமான வருடங்கள் பாதியாகக் குறைந்தால் 50 வருடம் கழித்து எத்தனை ஜோடிகள் மிஞ்சுகின்றன? எப்9ஐப் பத்துப் பதினைந்து தடவை தட்டி, வரும் எண்களைக் குறித்துக்கொண்டு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.